அல்ஸ்டர்-ஸ்காட்ஸ் இசையைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்திலிருந்து அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டருக்குக் குடியேறியோரின் வழிவந்த அல்ஸ்டர்-ஸ்காட்ஸ் மக்களின் இசையைப் பற்றி எழுதுவோர் பலர், ஜூலை 12 அன்று பெல்ஃபாஸ்ட் தெருக்களில் நடக்கும் பிரிட்டன் ஆதரவுப் புராட்டஸ்டன்ட் அமைப்பான ஆரஞ்சு சங்கத்தின் ஊர்வலத்தில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன. 1606-இல் ஜேம்ஸ் ஹாமில்டனும் ஹியூ மாண்ட்கோமரியும் அல்ஸ்டரின் டவுன் கவுண்டியின் (மாவட்டத்தின்) வடபகுதியில் ஸ்காட்லாந்துக்காரர்களைக் குடியேற்றத் தொடங்கிய காலம் முதல், அம்மக்களின் பாட்டும் ஆட்டமும் பிடில் இசையும் வீடுகளிலும் ஊர்க்கூடங்களிலும் வளர்ந்தவை. ஊர்வலம் அவற்றின் ஒரு முகம் மட்டுமே.

அந்த ஊர்வலங்களில் ஒலிக்கும் லாம்பெக் என்னும் பெரிய முரசை வெறும் பேரிரைச்சல் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடிவதில்லை. ஏறத்தாழ மூன்றடி விட்டமும் பதினைந்து கிலோவுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட அம்முரசை வார் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டு, இரு முகங்களையும் வளையும் பிரம்புகளால் அடிப்பார்கள். ஓக் மரச் சட்டத்தின் இருபுறமும் போர்த்தப்படும் வெள்ளாட்டுத் தோல்கள் ஒன்றுக்கொன்று இசைவாக அமைய வேண்டும் என்பதால், பொருத்தமான தோலைத் தேர்வதே தனிக் கலையாகக் கருதப்படுகிறது. சுற்றிலும் கோத்த கயிறுகளை இறுக்குவதும் தட்டிக் கேட்பதும் மீண்டும் இறுக்குவதுமாக, அடிப்பதற்கு முன் செய்யும் வேலையே நெடுநேரம் பிடிக்கும். போட்டிகளில் நடுவர்கள் செவிகொடுப்பது நாதத்தின் தெளிவுக்குத்தான். ஒலியின் அளவு மட்டும் வெற்றியைத் தந்துவிடாது. கத்தோலிக்கரின் ஹைபர்னியன் சங்க ஊர்வலங்களிலும் இதே முரசு ஒலித்திருக்கிறது என்பதை எழுதாமல் விடுவது பெரிய குறை.

புல்லாங்குழல் குழு, அக்கார்டியன் குழு, பித்தளை வாத்தியக் குழு, பேக்பைப் (காற்றுப் பை இணைந்த குழல்) குழு ஆகிய அனைத்தையும் ஒரே பெயரில் அடக்குவதும் கூடாது. பேக்பைப் கற்க வரும் சிறுவர்கள் பையைத் தொடுவதற்கு முன், சாண்டர் என்னும் சிறு பயிற்சிக் குழலில் நெடுங்காலம் விரல் பழகுகிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் அதே குழுவின் மூத்த உறுப்பினர்களே. 1945-இல் தொடங்கப்பட்ட ஃபீல்டு மார்ஷல் மாண்ட்கோமரி என்னும் பேக்பைப் குழு 1992-இல் முதன்முறையாக உலகப் பட்டம் வென்று, பின்னர் பலமுறை அதைத் தக்கவைத்தது இத்தகைய ஊர்ப் பயிற்சியின் பலன்தான்.

இம்மரபினர் அனைவரையும் பிரிட்டன் ஆதரவாளர்கள் என்று கொள்வது வரலாற்றுப் பிழை. 1798-இல் அன்ட்ரிம், டவுன் கவுண்டிகளில் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக எழுந்தவர்களில், இம்மக்களில் பெரும்பாலோர் சார்ந்த புராட்டஸ்டன்ட் சபையினரான பிரெஸ்பிட்டீரியன்கள் ஏராளம். பாலிகேரி ஊரின் நெசவாளரும் அல்ஸ்டர்-ஸ்காட்ஸ் மொழிக் கவிஞருமான ஜேம்ஸ் ஓர் அவர்களுள் ஒருவர். அதே வேளையில், அரசியலே இல்லாத தூய கலை என்று பூசி மெழுகுவதும் நேர்மையாகாது. போர்ட்டடவுனில் 1990-களில் ஆரஞ்சு சங்கத்தின் டிரம்க்ரீ ஊர்வலத்தை முன்னிட்டு எழுந்த மோதல்களைக் கண்ட கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அந்த முரசொலி வேறு பொருள் தருகிறது. அவ்விரு உண்மைகளுக்கும் கட்டுரையில் இடம் வேண்டும்.

வட அயர்லாந்து வேறு, அல்ஸ்டர் வேறு. அல்ஸ்டரின் ஒன்பது கவுண்டிகளில் ஆறு மட்டுமே வட அயர்லாந்தில் உள்ளன. அயர்லாந்துக் குடியரசைச் சேர்ந்த டோனிகாலில் அல்ஸ்டர்-ஸ்காட்ஸ் மக்கள் இருக்கிறார்கள். அங்குள்ள பிடில் கலைஞர்கள் ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்ஸ்பே என்னும் ஆட்ட மெட்டுகளை இன்றும் வாசிக்கிறார்கள்.

பாடல்களை ‘இது ஐரிஷ், இது ஸ்காட்டிஷ்’ என்று பிரித்து அடுக்க முயல்வதும் வீண்வேலை. கோல்ரெயின் ஊரின் சாம் ஹென்றி 1923 முதல் 1939 வரை உள்ளூர்ச் செய்தித்தாளில் நடத்திய நாட்டுப்பாடல் பத்தியில் இரு மரபுப் பாடல்களும் கலந்தே வந்தன. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதி இசை முழுவதும் அல்ஸ்டரிலிருந்து போனது என்று பெருமை பேசுவோரும் உண்டு. பிடில் மெட்டுகளும் கதைப்பாடல்களும் அங்கே போனது மெய்தான். ஆனால் அவ்விசையின் உயிர்நாடியான பேஞ்சோ என்னும் தந்தி வாத்தியம், அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கர்களிடமிருந்து வந்தது.