மிதக்க வேண்டியது மூழ்கினால்: பிளாஸ்டிக் அடர்த்திச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெவ்வேறு அடர்த்தியுள்ள திரவங்களில் பிளாஸ்டிக் துண்டைப் போட்டு, மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்த்து அது எந்த வகை என்று கண்டுபிடிக்கும் சோதனை இது. நாலு குவளை, கொஞ்சம் உப்பு, கொஞ்சம் ஆல்கஹால், வெட்டிய பிளாஸ்டிக் துண்டுகள், இவ்வளவு போதும் என்பதால் ஒத்திகையே பார்க்காமல் வகுப்பில் செய்து காட்டப் போய்விடுகிறார்கள். அங்கேதான் சொதப்பும்.

பெரும்பாலும் காற்றுக்குமிழிதான் காரணம். பிளாஸ்டிக் தண்ணீரில் எளிதில் நனையாது, அதனால் வெட்டிய விளிம்பில் குமிழி ஒட்டிக்கொள்ளும். பாலிஸ்டைரீனின் அடர்த்தி கன செ.மீ.க்குச் சுமார் 1.05 கிராம், தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அதிகம், ரெண்டு குமிழி ஒட்டினாலே அது மிதந்துவிடும். மெல்லிய துண்டாக இருந்தால் அடர்த்தி 1.38 உள்ள பெட் (PET, தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்) கூட பரப்பு இழுவிசையில் மேலேயே படுத்துக்கொள்ளும். தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விடுங்கள் (நுரை வராமல்), துண்டைக் குச்சியால் முழுக்க அமுக்கி, குமிழிகளைத் தட்டிவிட்டு, அப்புறம் விடுங்கள். அதன் பிறகு அது எங்கே போகிறது என்பதுதான் விடை.

அடுத்து, எடுத்துவரும் துண்டுகள். தெர்மாகோலும் பாலிஸ்டைரீன்தான், ஆனால் அதில் பெரும்பகுதி காற்று, அதை மிதக்கவிட்டு "பாலிஸ்டைரீன் மிதக்கும்" என்று சொல்லிவிடக் கூடாது. தண்ணீர் பாட்டிலின் உடல் பெட், மூடியோ பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். ரெண்டையும் ஒரே பொருளாக நினைத்து மூடியை வெட்டிப் போட்டால் அது மிதக்கத்தான் செய்யும். அடியில் முக்கோணக் குறிக்குள் பிளாஸ்டிக் வகையைக் காட்டும் எண் இருக்கும். அது 7 என்று போட்ட பொருளைத் தவிர்த்துவிடுங்கள், அது "மற்றவை" என்ற கலவைப் பிரிவு. 5 (பாலிபுரோப்பிலீன்) என்று இருந்தாலும், சுண்ணாம்புத் தூள் மாதிரி நிரப்பி சேர்த்த பாலிபுரோப்பிலீன் மூழ்கக்கூடும்.

திரவம் கலப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. 50 மி.லி. எத்தனாலும் 50 மி.லி. தண்ணீரும் சேர்ந்தால் 100 மி.லி. வராது, கிட்டத்தட்ட 96 தான். அதனால் எடைபோட்டுக் கலப்பதே சரி. 40 கிராம் எத்தனால், 60 கிராம் தண்ணீர் என்றால் 20 டிகிரியில் அடர்த்தி சுமார் 0.935, குறை அடர்த்திப் பாலிஎத்திலீன் மிதக்கும், உயர் அடர்த்தி வகை மூழ்கும். கலந்த உடனே கலவை சூடாகும், குட்டிக் குமிழிகளும் வரும், ஆறும்வரை காத்திருங்கள். ரெண்டு வகைக்கும் இடையே இருக்கும் வித்தியாசம் அவ்வளவு சின்னது, அவசரப்பட்டால் ரெண்டுமே மூழ்கிவிடலாம். பக்கத்தில் பர்னர் எரியக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆல்கஹாலுக்குப் பதிலாக அசிட்டோன் வேண்டவே வேண்டாம், பாலிஸ்டைரீன் கரைந்துபோகும்.

உப்புக் கரைசல் சுலபம்: 10 கிராம் உப்பு, 90 கிராம் தண்ணீர், அடர்த்தி 1.07. தண்ணீரில் மூழ்கிய பாலிஸ்டைரீன் இதில் மேலே வரும், பசங்க ரசிப்பதும் இந்த இடத்தைத்தான். ஆல்கஹாலில் கிடந்த துண்டை அலசாமல் உப்புக் கரைசலில் போடாதீர்கள்.

பிவிசியும் (PVC, குழாய் செய்யும் பிளாஸ்டிக்) பெட்டும் இந்த முறையில் பிரியாது. ரெண்டும் 1.3, 1.4 பக்கம், சாப்பாட்டு உப்பை முடிந்தவரை கரைத்தாலும் கரைசல் 1.20 அளவிலேயே நின்றுவிடும். சூடான செம்புக் கம்பியில் பிவிசியை ஒட்டி எரித்தால் அதிலுள்ள குளோரினால் சுவாலை பச்சையாகும், பெட்டுக்கு அப்படி ஆகாது, உடனே அதைக் காட்டலாமே என்று தோன்றும், வகுப்பறையில் அதைச் செய்யாதீர்கள், பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். "இரண்டும் 1.20-க்கு மேல்" என்று நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு அடுத்த குவளைக்குப் போங்கள்.