பழைய பேஸ்பால் அரங்கத்தை இடிக்கலாமா? வாக்களிக்கும் முன் பார்க்க வேண்டியவை

"எங்கள் அரங்கத்துக்கு வயதாகிவிட்டது, புதிதாகக் கட்ட வேண்டும்" என்று உங்கள் ஊர் பேஸ்பால் அணி அறிவித்தால், முதலில் ஒரு தேதியைத் தேடுங்கள்: குத்தகை எப்போது முடிகிறது? பெரும்பாலான அமெரிக்க அரங்கங்களுக்குச் சொந்தக்காரர் நகரமோ, கவுன்டியோ (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவு), வேறு அரசு அமைப்போதான். அணி வாடகைக்கு இருக்கிறது. வாடகைக் காலம் முடியப் போகும்போதுதான் கட்டடத்தின் வயதைப் பற்றிய பேச்சு பலமாக எழும்.

நான் மிசூரி மாநிலத்தின் ஜாக்சன் கவுன்டியில் வசிக்கிறேன். பார்க்கிங் கட்டடங்களில் கெட்டுப்போன கான்கிரீட்டைப் பழுது பார்ப்பது என் தொழில். எங்கள் கான்சஸ் சிட்டி ராயல்ஸ் அணியின் காஃப்மன் ஸ்டேடியம் 1973 ஏப்ரலில் திறக்கப்பட்டது. குத்தகை 2031 ஜனவரியில் முடிகிறது. 2022 நவம்பரில் உரிமையாளர் ஜான் ஷெர்மன், புது அரங்கம் வேண்டும் என்று ரசிகர்களுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். 2024 ஏப்ரல் 2 அன்று அது வாக்கெடுப்புக்கு வந்தது. அந்த மாதங்களில் பக்கத்து வீட்டுக்காரர்கள், அலுவலக நண்பர்கள், இங்கே புதிதாகக் குடியேறிய நம்மவர்கள் என்று பலரும் "இதை எப்படி முடிவு செய்வது?" என்று என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேறு ஊரில் இருப்பவர்களும் இதே வரிசையில் பார்க்கலாம்.

குத்தகைத் தேதி கிடைத்ததும் அடுத்துப் பார்க்க வேண்டியது, கட்டடம் யாருக்குச் சொந்தம் என்பது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் உச்சப் பிரிவான மேஜர் லீகில் இன்று பயன்பாட்டில் இருக்கும் மிகப் பழைய மூன்று அரங்கங்கள் பாஸ்டனின் ஃபென்வே பார்க் (1912), சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட் (1914), லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் ஸ்டேடியம் (1962). மூன்றும் அணி உரிமையாளர்களின் சொந்தச் சொத்து. ஃபென்வேயை விட்டுவிட்டு அருகிலேயே புதிதாகக் கட்டப்போகிறோம் என்று 1999-இல் அன்றைய நிர்வாகம் அறிவித்தது. 2002-இல் ஜான் ஹென்றி குழு அணியை வாங்கியது. ஜேனட் மேரி ஸ்மித் என்ற கட்டடக்கலைஞரின் பொறுப்பில், ஒவ்வொரு ஆண்டும் ஆட்டமில்லாத குளிர்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுது பார்த்தார்கள். முடியவே முடியாது என்று சொல்லப்பட்ட வேலை பத்து ஆண்டுகளில் முடிந்தது. பழமையான கட்டடங்களுக்கான வரிச் சலுகை அவர்களுக்குக் கிடைத்தது உண்மைதான். ஆனாலும் செலவின் பெரும்பகுதி அவர்களுடைய கையிலிருந்து போனது.

இதற்கு நேர்மாறாக அட்லான்டாவின் டர்னர் ஃபீல்டைப் பாருங்கள். பிரேவ்ஸ் அணி 1997-இலிருந்து 2016 வரை இருபதே சீசன் அங்கே ஆடிவிட்டு, பக்கத்துக் காப் கவுன்டி பணம் போட முன்வந்ததும் கிளம்பிவிட்டது. டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் 1994-இல் திறந்த அரங்கத்தை 2019-இல் விட்டார்கள். அங்கே வெயில் கொடுமை என்பது நியாயமான காரணம், கூரை வேண்டியிருந்தது. ஆனாலும் அரங்கம் இருக்கும் ஆர்லிங்டன் நகரம் பாதிச் செலவை ஏற்றிராவிட்டால் அந்த வெயிலுக்கு வேறு வழி கண்டுபிடித்திருப்பார்கள் என்பது என் எண்ணம். தன் பணத்தைப் போடுகிறவர் பழுது பார்ப்பதற்கும் புதிதாகக் கட்டுவதற்கும் ஆகும் செலவை உண்மையாகவே ஒப்பிடுகிறார். அடுத்தவர் பணம் என்றால் அந்த ஒப்பீட்டுக்கு அவசியமே இல்லாமல் போகிறது. ஆகவே, அதை வாக்காளர்தான் செய்ய வேண்டும்.

சரி, கட்டடத்துக்கு வருவோம்.

வயதை ஒரே எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தப் பகுதி எப்போது கட்டப்பட்டது என்று பிரித்துப் பாருங்கள். காஃப்மனின் இருக்கைத் தளங்கள் 1973-ஐச் சேர்ந்தவை. ஆனால் 2006-இல் நாங்கள் வாக்களித்துக் கொடுத்த விற்பனை வரியால் நடைபாதைகள், கடைகள், வெளிப்புற இருக்கைகள், பெரிய திரை எல்லாம் 2009-க்குள் புதிதாக வந்தன. ஐம்பது வயது என்று சொல்லும்போது பாதிக் கட்டடம் அதில் அடங்காது. இன்னொன்றையும் கவனியுங்கள். 1970-களின் தொடக்கத்தில் மற்ற ஊர்களெல்லாம் பேஸ்பாலுக்கும் அமெரிக்க ஃபுட்பாலுக்கும் பொதுவாக வட்ட வடிவ அரங்கம் கட்டின. சின்சினாட்டி, பிட்ஸ்பர்க், ஃபிலடெல்ஃபியா மூன்றிலும் அவை 2004-க்குள் தரைமட்டமாகிவிட்டன. கான்சஸ் சிட்டி மட்டும் இரண்டு ஆட்டங்களுக்கும் தனித்தனியாகக் கட்டியது. அதனால்தான் காஃப்மனில் எங்கே உட்கார்ந்தாலும் ஆடுகளம் நன்றாகத் தெரிகிறது, அதனால்தான் அது இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது. வடிவம் சரியாக இருக்கும் கட்டடத்தைப் பழுது பார்ப்பதில் பொருள் உண்டு. வடிவமே தவறு என்றால் எத்தனை கோடி கொட்டினாலும் சரிவராது.

அடுத்தது கான்கிரீட். இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மக்களைப் பயமுறுத்தும் சொற்கள் இங்கேதான் வரும். காஃப்மனுக்குக் "கான்கிரீட் புற்றுநோய்" என்று அணித் தரப்பு சொன்னது. அதன் முறையான பெயர் ஆல்கலி சிலிக்கா வினை. சிமென்ட்டில் இருக்கும் காரமும் சில வகை ஜல்லியில் இருக்கும் சிலிக்காவும் ஈரத்தோடு சேரும்போது கூழ் போன்ற ஒரு பொருள் உண்டாகிறது. அது தண்ணீரை உறிஞ்சிப் பெருகும்போது கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கிறது. மேற்பரப்பில் வலை பின்னியது போல விரிசல் விழும். வந்துவிட்டால் முழுதாகக் குணமாக்க முடியாது, அது உண்மை. ஆனால் ஈரம் இல்லாமல் அந்த வினை நடக்காது. வடிகாலைச் சரிசெய்து, எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டுகளை (கான்கிரீட் விரிந்து சுருங்க விடும் இடைவெளி இணைப்புகளை) மாற்றி, நீர் புகாத பூச்சு கொடுத்தால் வேகம் வெகுவாகக் குறையும். இந்த நோய் உள்ள அணைகளும் பாலங்களும் உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கின்றன.

எனவே நோயின் பெயரைக் கேட்டதும் முடிவுக்கு வந்துவிடாமல் அறிக்கையைக் கேளுங்கள். எத்தனை இடங்களில் துளையிட்டு கோர் (சோதனைக்கான உருளை வடிவக் கான்கிரீட் மாதிரி) எடுத்தார்கள்? அவை கீழ்த்தளமா, மேல்தளமா, தூண்களா? ஒரு சுவரில் இருப்பதும் எல்லாத் தூண்களிலும் இருப்பதும் ஒன்றல்ல. விரிவு இன்னும் நடக்கிறதா, ஓய்ந்துவிட்டதா? இதை ஆய்வகத்தில் அளக்க முடியும். கம்பிகள் துருப்பிடித்திருக்கின்றனவா? குளிர்காலத்தில் பனி உருகுவதற்காக உப்புப் போடும் ஊர்களில் பெரும்பாலும் இதுதான் பெரிய சேதம். என் அனுபவத்தில் உரிமையாளர்கள் பயந்து கூப்பிடுவது விரிசலுக்காக, நாங்கள் கடைசியில் செலவு செய்வது துருவுக்காக. முக்கியமாக, அறிக்கை எழுதிய பொறியாளருக்குப் பணம் கொடுத்தது யார்? அணிதான் என்றால் கவுன்டி தன் செலவில் இன்னொரு பொறியாளரை வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். மிசூரியில் ஸன்ஷைன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கவுன்டியின் கையில் இருக்கும் ஆவணங்களை அதன்படி யாரும் கேட்டு வாங்கலாம். மற்ற மாநிலங்களிலும் இப்படிச் சட்டம் உண்டு.

விபத்துச் செய்திகளையும் நிதானமாக எடைபோடுங்கள். 1998 ஏப்ரலில் பழைய யாங்கி ஸ்டேடியத்தில் 500 பவுண்டு எடையுள்ள இரும்புத் துண்டு காலி இருக்கை மேல் விழுந்தது. ஆய்வு செய்து, சரிசெய்து, அதே மாதம் திறந்தார்கள். மேலும் பத்தாண்டு ஆட்டம் நடந்தது. ரிக்லி ஃபீல்டில் 2004-இல் மேல்தளத்திலிருந்து கான்கிரீட் துண்டுகள் உதிர்ந்தன. முதலில் வலை கட்டினார்கள். பிறகு 2014-இலிருந்து பல ஆண்டுகள் ஆட்டம் இல்லாத மாதங்களில் பெரிய அளவில் புதுப்பித்தார்கள். ரசிகர்களின் உயிரோடு விளையாடக் கூடாது, ஆபத்து என்றால் அன்றே மூட வேண்டும். ஆனால் உண்மையிலேயே அவ்வளவு ஆபத்தான கட்டடத்தில் இன்னும் ஏழு ஆண்டு ஆடுவோம் என்று எந்த அணியும் சொல்லாது.

இவ்வளவும் பார்த்த பிறகு கட்டடம் தேறிவிட்டால், அணி ஏன் புதிதாகக் கேட்கிறது? பதில் பெரும்பாலும் கட்டடத்துக்கு வெளியே இருக்கும். காஃப்மனைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் கார் நிறுத்துமிடம்தான். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் நெடுஞ்சாலையில் ஏறி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். உணவகம், ஹோட்டல், அடுக்குமாடி வீடு, அலுவலகம் எல்லாம் அரங்கத்தோடு சேர்ந்து இருந்தால் ஆண்டு முழுக்க வருமானம் வரும். அட்லான்டா அணி காப் கவுன்டியில் அப்படித்தான் சம்பாதிக்கிறது. இதைக் கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை, வியாபாரம் என்றால் வருமானம் தேடத்தான் வேண்டும். ஆனால் அந்த வாடகை யாருக்குப் போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். வருமானம் அணிக்கு, கடன் கவுன்டிக்கு என்றிருந்தால் "கட்டடம் பழசு" என்ற பேச்சுக்கும் அந்தத் திட்டத்துக்கும் தொடர்பு குறைவு. ஊருக்கு வேலை வரும், வருமானம் பெருகும் என்ற வாதமும் வரும். பொருளாதார அறிஞர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இதை ஆராய்ந்திருக்கிறார்கள். செலவுக்கு ஈடான பலன் ஊருக்கு வருவதில்லை என்பதில் அவர்களிடையே அபூர்வமான ஒற்றுமை இருக்கிறது. ஆட்டத்துக்குப் போகும் குடும்பம் அந்தப் பணத்தை இல்லாவிட்டால் ஊரில் வேறு எங்காவது செலவழித்திருக்கும் என்பதே முக்கியக் காரணம்.

இனி கணக்கு. எங்கள் வாக்குச்சீட்டில் இருந்தது ஒரு சென்ட்டில் எட்டில் மூன்று பங்கு விற்பனை வரி, 40 ஆண்டுகளுக்கு. நூறு டாலருக்குப் பொருள் வாங்கினால் முப்பத்தேழரை சென்ட். ஆண்டுக்கு 24,000 டாலருக்கு வரி விதிக்கப்படும் பொருட்களை வாங்கும் குடும்பம் 90 டாலர் கட்டும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் விற்பனை வரி ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே விகிதம். கவுன்டி முழுக்கச் சேர்த்தால் ஆண்டுக்கு 50 மில்லியன் டாலருக்கு மேல், அதைப் பக்கத்து ஆரோஹெட் அரங்கத்தின் ஃபுட்பால் அணியான சீஃப்ஸோடு ராயல்ஸ் பங்கிட்டுக்கொள்வதாக இருந்தது. 50 மில்லியனை 40 ஆண்டுக்குப் பெருக்கினால் 2 பில்லியன். 5 சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்கு (வருங்காலத்தில் கட்டும் பணம் இன்று எவ்வளவுக்குச் சமம் என்ற கணக்கு) கொண்டுவந்தால் சுமார் 858 மில்லியன். திட்டத்தை எதிர்ப்பவர்கள் முதல் எண்ணைச் சொல்வார்கள், ஆதரிப்பவர்கள் இரண்டாவதைவிடச் சிறிய எண்ணைத் தேடுவார்கள். நீங்கள் பழுது பார்க்கும் செலவையும் புதிதாகக் கட்டும் செலவையும் ஒரே மாதிரி இன்றைய மதிப்பில் வைத்து, இரண்டிலும் பராமரிப்பைச் சேர்த்து, ஒரே எண்ணிக்கை ஆண்டுகளுக்கு ஒப்பிடுங்கள். புது அரங்கத்துக்கும் பதினைந்து இருபது ஆண்டுகளில் பெரிய செலவு வரும். மில்வாக்கி அரங்கம் 2001-இல் திறந்தது. அதைப் பராமரிக்க 2023-இல் விஸ்கான்சின் மாநிலமும் உள்ளூர் அரசுகளும் சேர்ந்து சுமார் 500 மில்லியன் டாலர் பொதுப்பணம் ஒதுக்க வேண்டியிருந்தது.

பழைய கடன் மீதி இருக்கிறதா என்றும் பாருங்கள். சியாட்டிலின் கிங்டோமை 2000-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இல்லாத அந்தக் கட்டடத்தின் கடனை கிங் கவுன்டி 2015 வரை கட்டிக்கொண்டிருந்தது.

முடிந்தால் புது அரங்கம் ஒன்றுக்குப் போய், மேல்தளத்தில் மலிவான டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பாருங்கள். படங்களில் எப்போதும் கீழ்த்தளம்தான் அழகாகத் தெரியும். 1991-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் பழைய கமிஸ்கி பார்க்குக்குப் பதிலாகக் கட்டிய அரங்கத்தில், நடுவே சொகுசு அறைகளை அடுக்கியதால் மேல்தளம் உயரத்துக்கும் தூரத்துக்கும் போய்விட்டது. ரசிகர்களின் குறை தாங்காமல் 2004-இல் மேலிருந்த எட்டு வரிசைகளை வெட்டி எடுத்தார்கள். குறைந்த வருமானத்தில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்க வருகிறவருக்குப் புது அரங்கத்தில் எங்கே இடம் என்பது, என்னைப் பொறுத்தவரை, கான்கிரீட்டுக்கு நிகரான கேள்வி.

2024-இல் நான் வேண்டாம் என்று வாக்களித்தேன். புது அரங்கத்துக்கான இடம் நகர மையத்தின் கிராஸ்ரோட்ஸ் பகுதி என்பதே வாக்கெடுப்புக்கு ஏழு வாரம் முன்புதான் அறிவிக்கப்பட்டது. அங்கே ஏற்கெனவே சிறு கடைகளும் உணவகங்களும் இயங்கிக்கொண்டிருந்தன. ஓக் தெருவை மூடுவார்களா மாட்டார்களா என்பது கடைசி நாட்கள் வரை மாறிக்கொண்டிருந்தது. 58 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அணி ஊரைவிட்டுப் போய்விடும் என்ற பயம் எனக்கும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ராயல்ஸ் இல்லாத கோடைக்காலத்தை நினைத்துப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் இடம், குத்தகை, கான்கிரீட் அறிக்கை மூன்றும் கையில் இல்லாமல் 40 ஆண்டுக் கடனுக்குச் சம்மதிக்க என்னால் முடியவில்லை.

புதிதாகக் கட்டுவதே சரி என்று உங்களுக்குத் தோன்றலாம். இருக்கைத் தளங்களைத் தாங்கும் சட்டகமே கெட்டிருந்தால், அல்லது வடிவம் ஆட்டத்துக்குப் பொருந்தாமல் இருந்தால், நானும் அப்படியே சொல்வேன். அப்போது ஒப்பந்தத்தில் சில வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கட்டுமானச் செலவு மதிப்பீட்டைத் தாண்டினால் கூடுதல் முழுவதும் அணியின் பொறுப்பு. பராமரிப்புக்கு என்று ஆண்டுதோறும் அணி தனிக் கணக்கில் பணம் போட வேண்டும். குத்தகை முடியும் முன் அணி வெளியேறினால் மீதிக் கடனை அடைக்க வேண்டும். அணியை விற்றால் விலையில் ஒரு பங்கு கவுன்டிக்கு வர வேண்டும். பழைய அரங்கத்தை இடித்து இடத்தைச் சீர்படுத்தும் செலவு யாருடையது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இவற்றைக் கேட்பதற்குரிய இடம் கவுன்டி சட்டமன்றத்தின் பொதுக் கூட்டம். வாக்குச்சீட்டின் வாசகம் முடிவாவதற்கு முந்தைய கூட்டத்துக்குப் போங்கள், அதன் பிறகு மாற்றம் செய்வது மிகக் கடினம்.