பழைய டச்சுப் பாய்க்கப்பலில் விடுமுறை: முதலில் தண்ணீரைத் தேர்ந்தெடுங்கள்

என் தாத்தா தூத்துக்குடித் தோணியில் தண்டலாக, அதாவது தோணியின் தலைவராக இருந்தவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போவார். எப்போது திரும்புவார் என்று யாராவது கேட்டால், "காத்து விட்டா வருவாக" என்பதுதான் பாட்டியின் பதில். நெதர்லாந்தின் யூட்ரெக்டில் குடியேறிய இந்தப் பதினான்கு வருஷத்தில் ஏழு முறை நண்பர்களின் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு பழைய டச்சுப் பாய்க்கப்பலில் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பாட்டியின் பதில்தான் சரியாக இருந்தது. ஏற்பாடுகளை நான்தான் செய்வேன் என்பதால், "எப்படிப் போறது, எங்க புக் பண்றது?" என்று பலர் கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்தக் கப்பல்கள் சுற்றுலாவுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இரும்பிலும் எஃகிலும் கட்டிய சரக்குக் கப்பல்கள். உருளைக்கிழங்கு, செங்கல், தானியம், சதுப்பில் வெட்டிக் காயவைத்த எரிமண் எல்லாம் இவற்றில்தான் போயின. எஞ்சினும் லாரியும் வந்த பிறகு வேலை போயிற்று. பலவற்றின் பாய்மரத்தை அறுத்தெறிந்துவிட்டு மோட்டார் படகாக்கினார்கள். 1960களிலும் 70களிலும் சில ஆர்வலர்கள் அந்தத் துருப்பிடித்த உடல்களை வாங்கி, மறுபடி பாய்மரம் நட்டு, சரக்கறை இருந்த இடத்தில் படுக்கையறைகள் அமைத்தார்கள். இப்படி உயிர்பெற்ற கப்பல்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து டச்சுக்காரர்கள் வைத்த பெயர் 'ப்ரௌனெ ஃப்ளோட்', பழுப்புக் கப்பற்படை. பருத்தி, லினன் துணிப் பாய்கள் ஈரத்தில் மக்காமல் இருக்க மரப்பட்டைச் சாறில் ஊறவைப்பார்கள். பழுப்பு நிறம் அதனால் வந்தது. ஓக் மரப்பட்டையோடு ஆசியாவிலிருந்து வந்த காசுக்கட்டியும் அந்தக் கொப்பரைகளில் கொதித்திருக்கிறது. பாட்டியின் வெற்றிலைச் செல்லத்தில் இருந்த அதே காசுக்கட்டி! இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்தப் பாய்களைப் பார்க்கும் கண்ணே எனக்கு மாறிவிட்டது.

இனி வேலைக்கு வருவோம். எல்லோரும் முதலில் கப்பலின் படத்தைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். தேர்ந்தெடுக்க வேண்டியது முதலில் தண்ணீரை. உங்கள் முன் இரண்டு தண்ணீர் இருக்கிறது.

ஒன்று ஐஸல்மேர். 1932 வரை இது ஸௌடர்ஸே என்ற கடல். 32 கிலோமீட்டர் நீளமுள்ள அஃப்ஸ்லௌட்டைக் என்ற அணையைக் கட்டி வடகடலிலிருந்து பிரித்த பிறகு நன்னீர் ஏரியானது. இங்கே ஏற்றவற்றம், அதாவது கடல்நீர் தினமும் ஏறி இறங்குவது, கிடையாது; காலையில் நிதானமாகக் காபி குடித்துவிட்டுக் கிளம்பலாம். ஒவ்வொரு இரவும் ஒரு பழைய துறைமுக ஊர்: என்க்ஹௌசன், மேடம்ப்ளிக், ஸ்டாவரன், மாக்கும். சின்னக் குழந்தைகள் இருந்தால், முதல் பயணமாக இருந்தால், வார இறுதி மட்டும்தான் கிடைக்கிறது என்றால் இதுதான். ஏரிதானே என்று மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். ஆழம் குறைவு, அதனால் காற்று வலுத்தால் அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக வந்து இடிக்கும். எங்கள் கூட்டத்தில் முதன்முதலில் வாந்தி எடுத்தவர் கடலில் எடுக்கவில்லை, இங்கேதான் எடுத்தார்.

இன்னொன்று வாடன் கடல். அணைக்கு வெளியே, டெர்ஸ்கெல்லிங், ஃப்ளீலாண்ட் போன்ற தீவுகளுக்கும் கரைக்கும் நடுவே இருக்கும் ஆழமற்ற உப்புக் கடல். 2009இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஹார்லிங்கன் துறைமுகத்திலிருந்து கிளம்புவார்கள். இங்கே நேரத்தைத் தீர்மானிப்பது ஏற்றவற்றம். அது தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் இன்று எட்டு மணிக்குக் கிளம்பினால் நாளையும் எட்டு மணி என்று நினைக்க முடியாது. விடியற்காலை நாலரைக்குக்கூட எழுப்புவார்கள். குறைந்தது நான்கு நாள் வேண்டும். இரண்டு நாளில் வாடன் கடலுக்குப் போக ஆசைப்படாதீர்கள். காற்று ஒத்துழைக்காவிட்டால் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போய்த் திரும்ப வேண்டியதுதான்.

ஆனால் என் வாக்கு வாடன் கடலுக்குத்தான். காரணம் ஒரே ஒரு சொல்: 'ட்ரோக்ஃபாலன்'. வறண்டு நிற்பது என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கப்பல்களின் அடிப்பாகம் தட்டை, அடியில் ஆழமாக நீண்டிருக்கும் அடிக்கட்டை (கீல்) கிடையாது. அதனால் தண்ணீர் வற்றத் தொடங்கும் நேரத்தில் ஸ்கிப்பர், அதாவது கப்பலின் தலைவர், ஒரு மணல்திட்டின் மேல் நங்கூரம் போட்டுவிட்டுக் காத்திருப்பார். கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டம் நிற்கும். அடியில் ஒரு மெல்லிய உரசல். பிறகு முழுக் கப்பலும் நடுக்கடலில் தரைமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். ஏணி இறக்குவார்கள், வெறுங்காலோடு இறங்கி நடக்கலாம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வரிவரியாக மணல், புழுக்கள் வெளியே தள்ளிய சுருள் சுருளான மண்கோலங்கள், சிப்பிகள், தொலைவில் எங்காவது கடல்நாய் (சீல்) கூட்டம். காது கொடுத்தால் ஈர மணல் படபடவென்று பொரிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். தரை தட்டுவது என்ற பேச்சை எடுத்தாலே தாத்தா வாயில் கை வைப்பார். தோணிக்கு அது பிழைப்பையே முடிக்கும் விபத்து. அந்த மனிதரின் பேரன் நான், கப்பல் தரையில் உட்காரும் அந்த நிமிஷத்துக்காகவே ஒவ்வொரு வருஷமும் காத்திருக்கிறேன்.

அங்கே இறங்கும்போது மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது. ஸ்கிப்பர் சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே திரும்புங்கள். திட்டுகளுக்கு நடுவே ஓடும் வாய்க்கால்களைத் தாண்டாதீர்கள். தண்ணீர் முதலில் அவற்றின் வழியாகத்தான் பின்னால் வந்து வளைக்கும். கடல்நாய்களை நெருங்காதீர்கள், மிரண்டு ஓடினால் குட்டிகள் தாயைப் பிரிந்துவிடும்.

தண்ணீர் முடிவானால் கப்பல் எளிது. 'டியால்க்' என்றால் முன்புறம் உருண்டு, குண்டாக, அகலமாக இருக்கும். பத்துப் பன்னிரண்டு முதல் இருபது பேர் வரைக்கும் பொருத்தம், உள்ளே வீடு மாதிரி இருக்கும். 'கிளிப்பர்' நீளமானது, அணியம் (முன்முனை) அழகாக வளைந்து வெளியே நீண்டிருக்கும், வேகம் அதிகம், பெரிய கூட்டத்துக்கு ஏற்றது. பெரும்பாலும் முழுக் கப்பலையும் ஒரு குழுவாகத்தான் எடுக்க வேண்டும். இரண்டு மூன்று பேர்தான் என்றால் தனித்தனியாக இடம் தருகிற பயணங்களும் உண்டு. அவை குறைவு, சீக்கிரம் நிரம்பிவிடும். பருவம் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை. மே மாத நீண்ட விடுமுறைகளுக்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே சொல்லி வைக்க வேண்டும். என்னைக் கேட்டால் செப்டம்பர்: தண்ணீர் கோடை வெயிலில் சூடேறி இதமாக இருக்கும், துறைமுகங்களில் நெரிசல் இருக்காது.

பணம் கட்டுமுன் தொலைபேசியில் பேசுங்கள். டீசல், துறைமுகக் கட்டணம், சுற்றுலா வரி, கடைசி நாள் துப்புரவு எல்லாம் விலைக்குள் அடங்குமா? மெத்தை விரிப்பு தருவார்களா, தூங்கும் பையை நாம் கொண்டுபோக வேண்டுமா? சமையல் யார்? குடிபானங்களைக் கப்பலில்தான் வாங்க வேண்டும் என்று நிபந்தனை உண்டா? எங்கள் இரண்டாவது பயணத்தில் இவற்றைக் கேட்காமல் போய், முடிவில் வந்த பில்லைப் பார்த்துப் பதினெட்டுப் பேரும் முகம் சுருங்கினோம்.

பாதுகாப்புச் சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா, பாய்மரத்தைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்றும் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 2016 ஆகஸ்டில் ஹார்லிங்கன் அருகே ஒரு கப்பலின் பாய்மரம் முறிந்து விழுந்து மூன்று பயணிகள் இறந்தார்கள். 2022இல் டெர்ஸ்கெல்லிங் அருகே ஒரு கப்பலின் பாய்க்கட்டை (பாயின் கீழ்விளிம்பைத் தாங்கும் கட்டை) விழுந்து பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தை போய்விட்டாள். நல்ல ஸ்கிப்பர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், காகிதத்தையே எடுத்துக் காட்டுவார். கப்பலில் ஏறியதும் குழந்தைகளுக்கு உயிர்காப்பு அங்கி மாட்டுங்கள். அந்தப் பாய்க்கட்டைக்குக் கீழே யாரும் நிற்கவோ உட்காரவோ கூடாது என்பதை முதல் மணிநேரத்திலேயே நாலைந்து தடவை சொல்லிவிடுங்கள்.

கப்பலில் சம்பளத்துக்கு இருப்பவர்கள் பெரும்பாலும் இருவர்தான்: ஸ்கிப்பரும் அவருடைய துணை 'மாட்'டும். மீதி ஆள்பலம் நாம். பெரிய பாயை ஏற்ற இரண்டு கயிறு. ஒன்று மரத்தை ஒட்டிய முனையை ஏற்றும், மற்றது வெளி முனையை ஏற்றும். இரண்டு குழுவும் ஒரே சீராக இழுக்க வேண்டும், பாயின் மேல்விளிம்பைத் தாங்கும் கட்டை கிடைமட்டமாகவே ஏற வேண்டும். எங்கள் ஆட்கள் "ஏலேலோ ஐலசா" போட்ட அன்று மாட் ஆச்சரியத்தோடு நின்று கேட்டுவிட்டு, அடுத்த நாள் தானே "ஐலசா" என்று குரல் கொடுத்தாள்.

கப்பலின் இரு பக்கமும் மீன் துடுப்பு மாதிரி தொங்கும் பெரிய மரப்பலகைகளைப் பார்ப்பீர்கள். 'ஸ்வார்ட்' என்பார்கள். அடிக்கட்டை இல்லாத கப்பல் காற்றில் பக்கவாட்டில் நழுவாமல் பிடிப்பது இதுதான். காற்று தள்ளும் பக்கத்துப் பலகை தண்ணீருக்குள் இருக்க வேண்டும். திசை மாற்றினால் இதை ஏற்றி அதை இறக்க வேண்டும். திருப்பும்போது ஸ்கிப்பர் தயாரா என்று கேட்டுவிட்டு "ரே!" என்று கத்துவார். அந்தச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு உங்கள் கயிற்றைப் பிடியுங்கள்.

நெதர்லாந்தில் அதிகம் வீசுவது தென்மேற்குக் காற்று. என்க்ஹௌசனிலிருந்து வடக்கே ஸ்டாவரனுக்குப் போகும்போது அது முதுகில் இருக்கும், சுகமாகப் போய்ச் சேருவீர்கள். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். வளைந்து வளைந்து பல மணிநேரம் ஏறிவர வேண்டும். ஆகவே கடைசி நாள் மாலைக்கு விமானம் பதிவு செய்யாதீர்கள். 'இந்தத் தீவுக்குத்தான் போக வேண்டும்' என்று ஸ்கிப்பரைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். ஒருமுறை டெர்ஸ்கெல்லிங்கில் 1594இல் கட்டிய பிரண்டாரிஸ் கலங்கரை விளக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அவர் வானிலை வரைபடத்தைக் காட்டிவிட்டு ஃப்ளீலாண்ட் பக்கம் திருப்பினார். பயணிகள் கார் கொண்டுவர முடியாத அந்தத் தீவில் பிள்ளைகள் மூன்று நாள் சைக்கிளிலேயே வாழ்ந்தார்கள்.

சாமான்: பெட்டி வேண்டாம், மடித்து வைக்கக்கூடிய துணிப்பை போதும், அறைகள் அவ்வளவு சிறியவை. வழுக்காத அடிப்பாகம் உள்ள செருப்பு, ஜூலையிலும் ஒரு கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, கயிறு இழுக்க ஒரு ஜோடிக் கையுறை, தொப்பி. குமட்டலுக்கு மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட்டுவிட வேண்டும். வந்த பிறகு போட்டுப் பயனில்லை. இஞ்சி மரப்பா இருந்தால் எடுத்து வையுங்கள்.

சமையலறை நாலு அடுப்புள்ள ஒரு மூலை. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து ஓடும்போது குழம்பு கொதிக்க வைக்க முடியாது. பகல் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்: புளியோதரை, எலுமிச்சைச் சாதம், சப்பாத்தி. கப்பலைத் துறைமுகத்தில் கட்டிய பிறகு சாம்பார் வைக்கலாம். வாசனைக்கு பக்கத்துக் கப்பல்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள், ஒரு கிண்ணம் கொடுங்கள். குடிநீர்த் தொட்டி அளவானது, குளியல் இரண்டு நிமிஷம். கழிவறையில் காகிதத்தைத் தவிர எதுவும் போடக் கூடாது. அடைத்தால் நீக்குவது மாட்தான்.

போய்ச் சேர்வது சுலபம். என்க்ஹௌசனுக்கு ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணிநேரம். கடைசி நிலையம், இறங்கினால் துறைமுகம் கண்முன் இருக்கும். ஹார்லிங்கனுக்கு லேயுவார்டனில் மாறி, 'ஹார்லிங்கன் ஹாவன்' வரை போக வேண்டும்.

கடைசி நாள் பாயைச் சுருட்டிக் கட்டி, உறை போட்டு, தளத்தைத் துடைத்து, அறையைப் பெருக்கிக் கொடுக்க வேண்டும். இதற்கு இரண்டு மணிநேரம் ஒதுக்குங்கள். ரயிலில் உட்கார்ந்த பிறகும் இருக்கை ஆடுகிற மாதிரி இருக்கும். ராத்திரி தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்.