ஆழ்வார்குறிச்சிக்கு வரும் விருந்தினர்களுக்கு வழி சொல்லி அனுப்புவது எப்படி?

ஆழ்வார்குறிச்சியில் ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரியும், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீ பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையமும் இருப்பதால், கருத்தரங்கு, வாய்மொழித் தேர்வு என்று வெளியூர் விருந்தினர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கு வழி எழுதி அனுப்பும் பொறுப்பு பெரும்பாலும் துறையில் புதிதாகச் சேர்ந்தவரிடம்தான் வந்து சேரும். சில ஆண்டுகளாக அந்தப் பொறுப்பைப் பார்த்துவருகிறவன் என்ற முறையில், முதன்முறை செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முன்பதிவு செய்யும் முறை எல்லோருக்கும் தெரிந்ததே என்பதால் அதற்குள் போகவில்லை.

முதல் படி: ஊர்ப்பெயரை உறுதிசெய்தல்

பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே விருந்தினரிடம் பேசிவிடுங்கள். ரயில்வே செயலியில் 'ஆழ்வார்' என்று தொடங்கினால் ஆழ்வார்திருநகரியும் வரும். அது திருச்செந்தூர் பாதையில், நெல்லைக்குக் கிழக்கே, தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. நம் ஊரோ மேற்கே, செங்கோட்டை பாதையில், அம்பாசமுத்திரத்துக்கும் கடையத்துக்கும் இடையில் இருக்கிறது. 2019இல் பிரிந்த தென்காசி மாவட்டத்தில் இப்போது சேர்ந்திருப்பதால், பழைய முகவரியில் 'திருநெல்வேலி மாவட்டம்' என்று இருந்தால் திருத்தி அனுப்புங்கள். சுற்றுச்சூழல் மையத்துக்கு வருகிறவர்களிடம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி வழி கேட்டால் எல்லோரும் அபிஷேகப்பட்டி முதன்மை வளாகத்தைத்தான் காட்டுவார்கள்.

இரண்டாம் படி: ரயிலைத் தேர்ந்தெடுத்தல்

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நான் எப்போதும் நெல்லை எக்ஸ்பிரஸையே சொல்வேன். காலையில் திருநெல்வேலி சந்திப்பில் இறங்கினால், நிலையத்தை விட்டு வெளியே வராமலே செங்கோட்டை பாசஞ்சருக்கு மாறிக்கொள்ளலாம். அது ஆழ்வார்குறிச்சியிலேயே நிற்கும். பாசஞ்சர்கள் நாளுக்குச் சிலவே என்பதால், அன்றைய நேரத்தை முந்தைய நாள் மாலை ரயில்வேயின் என்.டி.இ.எஸ். செயலியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மற்ற செயலிகளைவிட எனக்கு இதுவே நம்பகமாக இருக்கிறது. பொதிகை எக்ஸ்பிரஸ் ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்குப் போவதால் நெல்லையைத் தொடாது. குற்றாலத்தையும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மட்டும் அது ஏற்றது. சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத் இரவில்தான் நெல்லையை வந்தடையும் என்பதால், அதில் வருகிறவர் நெல்லையில் தங்கிவிட்டுக் காலையில் புறப்படுவதே நல்லது.

கேரளத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பாலக்காட்டிலிருந்து வரும் பாலருவி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. கொல்லம், புனலூர், தென்காசி வழியாக வந்து அம்பாசமுத்திரத்தில் நிற்கும் அந்த வண்டி, அங்கே வந்து சேர்வது விடிவதற்கு வெகுநேரம் முன்பு. ஆகவே கார் ஓட்டுநரை முதல் நாளே பேசி வைத்துவிட்டு, அவருடைய எண்ணை விருந்தினருக்கு அனுப்பிவிடுங்கள்.

மூன்றாம் படி: பேருந்து

இந்தப் படிதான் பலரையும் தடுமாற வைக்கிறது. நெல்லையிலிருந்து தென்காசிக்கு இரண்டு முக்கியச் சாலைகள் உள்ளன. ஒன்று ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகப் போகிறது. மற்றது சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை (அம்பாசமுத்திரம்), ஆழ்வார்குறிச்சி, கடையம் வழியாகப் போகிறது. வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் 'தென்காசி' என்று கூவி அழைக்கும் வண்டிகளில் பெரும்பாலானவை ஆலங்குளம் வழியாகவே செல்லும். 'தென்காசி மாவட்டம்' என்ற முகவரியைக் கையில் வைத்திருக்கும் விருந்தினர் அதில்தான் ஏறுவார். ஏறியவர் நம் ஊருக்கு வடக்கே வெகுதூரம் விலகிப் போய்விடுவார். எங்கள் கருத்தரங்குக்கு வந்த மூத்த பேராசிரியர் ஒருவர் இப்படித்தான் பாவூர்சத்திரம் வரை போய், அங்கிருந்து எங்களை அழைத்தார்.

ஆகவே முகவரியில் இருந்தாலும், பேருந்து பற்றிய குறிப்பில் 'தென்காசி' என்ற சொல்லையே எழுதாதீர்கள். "பாபநாசம் அல்லது அம்பாசமுத்திரம் பேருந்தில் ஏறி, அம்பையில் இறங்கி, கடையம் போகும் பேருந்தில் மாறவும்" என்று எழுதுங்கள். அம்பையிலிருந்து நம் ஊர் சுமார் 10 கிலோமீட்டர்தான். முகப்புப் பலகை தமிழில் இருக்கும் என்பதால், தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்கு 'பாபநாசம்', 'அம்பாசமுத்திரம்' என்ற இரண்டு பெயர்களையும் பெரிய எழுத்தில் படமாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். பேருந்தின் முன்னால் நின்று, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து அவர்கள் ஏறிவிடுகிறார்கள். நான்கு பக்கப் பி.டி.எஃப். கோப்பைவிட அந்த ஒரு படம் மேல் என்பதே என் கருத்து.

விருந்தினர் தவறி ஆலங்குளம் வழிப் பேருந்தில் ஏறிவிட்டால் பதற வேண்டியதில்லை. பாவூர்சத்திரத்தில் இறங்கிக் கடையத்துக்குப் போய், அங்கிருந்து அம்பை செல்லும் பேருந்தில் ஏறினால் ஆழ்வார்குறிச்சிக்கு வந்துவிடலாம். பாரதியார் 1918 முதல் 1920 வரை வாழ்ந்த ஊர் கடையம் என்பதால், தமிழ்த்துறைக்கு வருகிறவர்கள் அங்கே சற்று நேரம் செலவிட விரும்பினால் திரும்பும் பயணத்தில் அதற்கு இடம் விட்டு வையுங்கள்.

நான்காம் படி: நாள் பார்த்தல்

ஆடி அமாவாசையை ஒட்டிய நாள்களில் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போகும் கூட்டத்தால் பாபநாசம் பேருந்துகளில் கால் வைக்க இடமிருக்காது. அம்பையில் அறை கிடைப்பதும் அரிது. நிகழ்ச்சித் தேதியை உங்களால் மாற்ற முடியுமென்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். குற்றாலச் சீசனில் வார இறுதி நாள்களுக்கும் இதையே சொல்வேன்.

பின்சேர்க்கை: விமானத்தில் வருகிறவர்களைப் பற்றி வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். தூத்துக்குடி விமான நிலையம் வாகைக்குளத்தில், தூத்துக்குடிக்கும் நெல்லைக்கும் இடையிலான நெடுஞ்சாலையில் இருக்கிறது. ஆகவே விருந்தினர் தூத்துக்குடி நகருக்குள் போகாமல், வெளியே வந்ததும் நெல்லைப் பக்கம் திரும்ப வேண்டும். முதியவர் என்றால் அங்கிருந்து நேராகக் காரிலேயே அழைத்து வந்துவிடுங்கள். ஓட்டுநரிடம் ஊர்ப்பெயரோடு "சேரன்மகாதேவி, அம்பை வழி" என்பதையும் சேர்த்துச் சொல்லி, கூகுள் மேப் குறியீட்டை அவருடைய கைபேசிக்கே அனுப்பிவிடுங்கள்.