தோட்டத்துப் பசளை ஓடையில் சேராதிருக்க

நுவரெலியாச் சரிவுகளிலிருந்து வழியும் நைதரசன், பொசுபரசு ஆகிய பசளைச் சத்துகள் கிரகரி வாவி போன்ற தேங்குநீரில் சேர்ந்தால் பாசி பெருகும். அது அழுகும்போது ஒட்சிசன் குறைந்து மீன்கள் மடியும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உள்ளது. நீரில் உடனே கரைந்துவிடும் அதை, வானம் கறுத்திருக்கும் நாளில் இடாமல், பயிரின் வளர்ச்சிக்கேற்பப் பிரித்து இட்டு மண்ணால் மூட வேண்டும். பொசுபரசோ பெரும்பாலும் மண்துகளைப் பற்றிக்கொண்டே பயணிப்பதால், கரட், லீக்ஸ் பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்து, கான்களில் இடையிடையே குழிகள் வெட்டி, அவற்றில் படியும் கறுப்பு மண்ணை மழை விட்டதும் அள்ளிப் பாத்திக்கே திருப்ப வேண்டும் (காசு கொடுத்து வாங்கிய பசளையல்லவா அது!). ஓடைக்கரை மண்ணைப் பிடித்து நிறுத்த அங்கே வெட்டிவேர் நட வேண்டும்; அதற்கு இடமில்லை என்பது பலரின் வாதம். கரையோடு சரிந்துபோகும் நிலத்தை எண்ணினால் அது ஏற்கத்தக்கதன்று. கோழி எருவை ஓடைக்குத் தொலைவில் குவித்து, தறப்பாளால் மூடி வையுங்கள்.