பர்மா எண்ணெய்க் கணக்கு: எழுதுபவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் பர்மா எண்ணெய் வயல்களைப் பற்றிப் புதிதாக எழுதுபவர்கள், அச்சுக்கு முன் என்னிடம் படிக்கக் கொடுப்பதுண்டு. ஊர்ப் பெயரில் எழுத்துப் பிழை, ஆண்டு முன்பின்னாவது எல்லாம் சில்லறைத் தவறு, யாராவது திருத்திவிடுவார்கள். யார் கண்ணிலும் படாமல் புத்தகமாகிவிடுகிற தவறுகள்தான் இங்கே.

கேலனை 42-ஆல் வகுப்பது

இதைப் பார்த்தாலே எனக்கு இன்றும் எரிச்சல் வரும். அன்றைய இந்திய அரசின் கனிம அறிக்கைகள் பர்மா எண்ணெயைக் கேலனில் சொல்கின்றன. அது பிரிட்டிஷ் கேலன், ஏறக்குறைய 4.55 லிட்டர். பீப்பாய்க்கு 42 கேலன் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த 42 அமெரிக்கக் கேலன், ஒன்று 3.79 லிட்டர்தான். பிரிட்டிஷ் கேலனில் அதே பீப்பாய்க்கு 35 போதும். 28 கோடி கேலனை 35-ஆல் வகுத்தால் 80 லட்சம் பீப்பாய். 42-ஆல் வகுத்தால் சுமார் 67 லட்சம். 13 லட்சம் பீப்பாய் தாளிலேயே ஆவியாகிவிடுகிறது.

அதோடு போனாலும் பரவாயில்லை. ஓர் ஆராய்ச்சி மாணவர் உற்பத்தி வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்தார். முதல் பாதி, பீப்பாய்க் கணக்கு போட்ட அமெரிக்க அட்டவணை. மீதி, அரசு அறிக்கையின் கேலனை 42-ஆல் வகுத்தது. இரண்டும் சேருமிடத்தில் கோடு ஒரே ஆண்டில் ஆறில் ஒரு பங்கு இறங்கியிருந்தது. அந்த இறக்கத்துக்குப் பக்கம் பக்கமாகக் காரணம் வேறு: கிணறு வற்றியது, போர் வந்தது, கப்பல் கிடைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் அடிக்குறிப்பு! வகுத்தலைத் திருத்தியதும் இறக்கத்தையே காணோம். அதை நம்பி எழுதிய அடுத்த அத்தியாயமும் அதோடு போயிற்று.

இரண்டு ஆவணங்களிலும் இருக்கிற ஒரே ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கேலன் எண்ணைப் பீப்பாய் எண்ணால் வகுங்கள். 35 பக்கம் வந்தால் சரி, அந்த எண்ணால்தான் மற்ற ஆண்டுகளையும் வகுக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. யாரும் செய்வதில்லை.

விஸ்

இது பர்மா எடை அளவு. நம் ஊர் வீசைதானே என்று 1.4 கிலோ போடாதீர்கள். பர்மா விஸ் 1.6 கிலோவுக்கு மேல்.

எல்லாக் கிணற்றையும் ஒன்றாக எண்ணுவது

பர்மாவின் எண்ணெய் வயலான யேனாங்யாங்கில், கம்பெனிகளின் டெரிக்குகளுக்கு (துளையிடும் கோபுரங்கள்) பக்கத்திலேயே கையால் தோண்டிய கிணறுகளும் ஓடிக்கொண்டிருந்தன. ‘துவின்சா’ எனப்பட்ட பரம்பரை உரிமைக் குடும்பங்களுடையவை அவை. தோண்டுபவரைக் கயிற்றில் இறக்குவார்கள். கீழே வாயு மூச்சை அடைக்கும். சில நிமிடம் தாக்குப்பிடிப்பதே பெரிது. அதனால் இறங்குமுன்பே கண்ணைத் துணியால் கட்டிக்கொள்வார்கள். அடியில் போய், இருட்டு பழகட்டும் என்று காத்திருக்க நேரம் ஏது? பின்னாளில் மேலிருந்து காற்றடிக்கும் முக்குளிப்புக் கவசம் வந்த பிறகுதான் நின்று வேலை பார்க்க முடிந்தது. இந்தக் கிணற்றையும் நீராவி இயந்திரம் வைத்த கிணற்றையும் கூட்டி ‘ஒரு கிணற்றுக்குச் சராசரி’ போடுகிறார்களே, அந்த எண்ணை வைத்து என்ன செய்வது?

இயந்திரக் கிணறும் ஆரம்பத்தில் சுழன்று துளைத்ததல்ல. கனத்த உளியை வடத்தில் தூக்கித் தூக்கிப் போட்டுப் பாறையை இடித்தார்கள். இடிந்த சேற்றை நீளக் குழாய் வாளியால் அள்ளி வெளியே கொட்டினார்கள். சுழல் துளைப்பு அப்புறம் வந்தது.

‘இந்தியா’ என்ற வரி

1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதி. அந்தக் கால உலக அட்டவணைகளில் இந்தியா என்ற வரியில் இருப்பது பெரும்பாலும் பர்மா எண்ணெய். அசாமின் திக்பாய் அதில் சின்னப் பங்கு.

குழாய்

யேனாங்யாங்கிலிருந்து ரங்கூன் அருகே சிரியம் ஆலைக்குக் குழாய் வந்தது 1909-இல். அதற்கு முன் ஐராவதி ஆறுதான் வழி.

பெட்ரோல்

பெட்ரோலுக்காகத்தான் எண்ணெய் எடுத்தார்கள் என்று எழுதாதீர்கள். அன்று காசு மண்ணெண்ணெயில். அப்புறம், அதே எண்ணெயிலிருந்து எடுத்து மெழுகுவர்த்திக்குப் போன மெழுகில்.