ஒளியில் இறுகும் ரெசினுக்கு ஒரு பொலித்தீன் தாள்

முல்லைத்தீவுக் கரையில் பைபர் வள்ளத்தின் வெடிப்பை ஒளியில் இறுகும் ரெசினால் அடைப்பவர்கள், பூசியதும் அதன்மேல் தெளிந்த பொலித்தீன் தாளொன்றைக் காற்றுக்குமிழி இல்லாமல் அழுத்தி விரித்துவிட்டு வெயில் படவிட்டால், மேற்பரப்பு பிசுபிசுக்காது. அசற்றோனால் துடைக்கும் செலவும் மிச்சமாகும். ரெசினிலுள்ள தொடக்கி என்னும் இரசாயனப் பொருள் நீல, ஊதா ஒளியை உறிஞ்சி உருவாக்கும் மூலிகங்களே (எளிதில் தாக்கமுறும் மூலக்கூற்றுத் துண்டுகள்) ரெசினை இறுக்கும் நீண்ட பல்பகுதியச் சங்கிலிகளை வளர்க்கின்றன; மேற்படையில் அந்த மூலிகங்களைக் காற்றின் ஒட்சிசன் பிடித்துச் செயலிழக்கச் செய்வதைத் தாள் தடுக்கிறது, ஒளியையோ உள்ளே விடுகிறது. வன்னி வெயிலுக்குத் தனி விளக்கு எதற்கு? பூசுவதை மட்டும் நிழலில் முடித்துவிட வேண்டும்.

மேலும் ஒரு படை பூசுவதாயின் தாள் வேண்டாம், அந்தப் பிசுபிசுப்பே அடுத்த படையைப் பற்றிக்கொள்ளும். கருஞ்சாயம் கலந்த ரெசினிலும் தடித்த பூச்சிலும் ஒளி அடிவரை இறங்காது. ஹார்டனர் கலந்து இறுக்கும் வழக்கமான பொலியெஸ்டர் ரெசின் ஒளியை நம்பியதன்று.